பிள்ளை எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது?

தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

பள்ளி திறந்த சில நாட்களுக்குள் பாடக்குறிப்பு நோட்டும் தேர்வு அட்டவணையும் உங்களைத் தம் ஓட்டத்துக்கு இழுத்துக்கொண்டுவிடும். எந்த வாரம் எந்தப் பாடம், எந்த மாதம் எந்தத் தேர்வு என்பதெல்லாம் முன்பே முடிவானவை. அந்த ஓட்டம் பிடிப்பதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்துகிற இடைநிலை ஆசிரியர்களும் பட்டதாரி ஆசிரியர்களும் என் மனத்தில் இருக்கிறீர்கள். நானும் அந்த வகுப்பறைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

என் வேண்டுகோள் இது. ஒரு பிள்ளை தவறான விடை சொல்லும்போது உடனே திருத்தாதீர்கள். அந்த விடை வேறு எந்தக் கேள்விக்குச் சரியாக இருக்கும் என்று முதலில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அப்படி ஒரு கேள்வி இருக்கும். அது கிடைத்துவிட்டால் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

ஐஸ் போட்ட எவர்சில்வர் டம்ளர் ஒன்றை மேசைமேல் வையுங்கள். சற்று நேரத்தில் வெளிப்புறம் முழுக்கத் தண்ணீர் துளிர்க்கும். இது எங்கிருந்து வந்தது என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டால், “உள்ளேருந்து கசிஞ்சு வந்துச்சு டீச்சர்” என்று பலரும் சொல்வார்கள். நமக்குக் கை பரபரக்கும். காற்றில் நீராவி இருக்கிறது, குளிர்ந்த பரப்பில் பட்டுச் சுருங்குகிறது என்று கரும்பலகையில் எழுதிவிடலாம். பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டு மூலையில் மண்பானை இருக்கிறது. கோடையில் பானையின் வெளிப்புறம் எப்போதும் ஈரம். கை வைத்தால் சில்லென்று இருக்கும். அந்த ஈரம் உண்மையாகவே உள்ளேயிருந்துதான் வருகிறது. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து, வெளியே ஆவியாகிறது. ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. ஆக, ‘கசிந்து வந்தது’ என்பது பானையைப் பற்றிக் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் பெற வேண்டிய விடை. பிள்ளை தன் கண்ணால் கண்டதை, கையால் தொட்டு உணர்ந்ததை, டம்ளருக்கும் நீட்டிச் சொல்கிறது.

இதைப் புரிந்துகொண்ட ஆசிரியர் அடுத்து என்ன செய்வார்? “டம்ளரும் பானை மாதிரியா? எப்படிப் பார்க்கலாம்?” என்று கேட்பார். பிள்ளைகளே வழி சொல்லுவார்கள். ஐஸ் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றிவைக்கலாம் என்பான் ஒருவன்; துளி வராது. ரஸ்னா கலக்கிய ஐஸ் தண்ணீரை ஊற்றலாம் என்பாள் ஒருத்தி. வெளியே கோத்த துளியைத் தொட்டுப் பார்த்தால் நிறமும் இல்லை, இனிப்பும் இல்லை. ஃபிரிட்ஜில் வைத்தெடுத்த காலி டம்ளரைக் கொண்டுவரச் சொல்வான் இன்னொருவன். உள்ளே எதுவுமே இல்லாமல் வெளியே துளி வரும். அந்த நிமிடத்தில் வகுப்பில் எழுகிற “அப்போ எங்கேருந்துதான் வந்துச்சு?” என்ற கேள்வி பிள்ளைகளுடைய சொந்தக் கேள்வி. நீராவி என்ற சொல்லை அதற்குப் பிறகு சொல்லுங்கள். சொல் அதே சொல்தான். ஆனால் இப்போது அது அவர்கள் தேடிக்கொண்டிருந்த ஒன்றுக்குப் பெயராக வந்து சேருகிறது.

மின்சாரப் பாடத்தில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். ஒரு டார்ச் செல், ஒரு சிறிய பல்பு, ஒரு துண்டு வயர் கொடுத்து எரியவைக்கச் சொல்லுங்கள். (இப்போது கடைகளில் எல்.இ.டி.தான் அதிகம் கிடைக்கிறது. அது ஒரு திசையில் இணைத்தால்தான் எரியும் என்பதால் இந்தச் சோதனைக்கு உதவாது. பழைய இழை பல்பாகத் தேடி வாங்குங்கள்.) பல பிள்ளைகள் செல்லின் மேல்முனையில் வயரின் ஒரு நுனியையும் பல்பின் அடியில் இன்னொரு நுனியையும் வைத்துவிட்டு எரியும் என்று காத்திருப்பார்கள். எரியாது. ஏன் அப்படி இணைத்தாய் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் மிக்ஸிக்கு ஒரு வயர்தானே போகிறது, டேபிள் ஃபேனுக்கும் அப்படித்தானே! பிளக்கிலிருந்து கிளம்பும் அந்த ஒற்றைக் கயிற்றுக்குள் இரண்டு, மூன்று வயர்கள் தனித்தனியாக ஓடுகின்றன என்பதை யாரும் அந்தப் பிள்ளைக்கு உரித்துக் காட்டியதில்லை. தான் கண்ட வீட்டை அது அப்படியே செய்து காட்டுகிறது.

நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் உள்ள வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் 1979-இல் தொடங்கிய ஓர் ஆய்வுத் திட்டத்தில், ரோஜர் ஆஸ்போர்னும் பீட்டர் ஃபிரேபெர்க்கும் அவர்களது குழுவினரும் பிள்ளைகளிடம் உட்கார்ந்து இதைத்தான் கேட்டார்கள். எரியும் பல்பைக் காட்டி, வயருக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லவைத்தார்கள். திரும்பத் திரும்ப நான்கு விதமான படங்கள் கிடைத்தன. கரண்ட் ஒரு வயர் வழியாகப் போய் பல்பில் தீர்ந்துவிடுகிறது, மற்ற வயர் சும்மா இருக்கிறது என்பது ஒன்று. இரண்டு முனையிலிருந்தும் கரண்ட் கிளம்பிப் பல்பில் வந்து மோதிக்கொள்வதால் வெளிச்சம் என்பது மற்றொன்று. கரண்ட் சுற்றித்தான் வருகிறது, ஆனால் பல்பில் கொஞ்சம் செலவாகி மிச்சம்தான் திரும்புகிறது என்பது மூன்றாவது. போகும் வயரிலும் வரும் வயரிலும் ஒரே அளவு ஓடுகிறது என்ற பாடநூல் விடை நான்காவது.

இதில் மூன்றாவது படம்தான் லேசில் போகாதது. உயர்நிலை வகுப்பில் சுற்றுக்கணக்கைச் சரியாகப் போடுகிற பிள்ளைகளிடமும் அது உள்ளே உட்கார்ந்திருக்கும். அது ஏன் போவதில்லை? அதில் பாதி உண்மை. ‘கரண்ட்டை வீணாக்காதே, ஆள் இல்லாத ரூமில் ஃபேனை நிறுத்து’ என்று வீட்டில் சொல்கிறோம். இரண்டு மாதத்துக்கொரு முறை பில் கட்டுகிறோம். ஏதோ ஒன்று நிச்சயமாகச் செலவாகிறது. செலவாவது ஆற்றல். நாம் யூனிட் என்று சொல்லிப் பணம் கட்டுவது ஒரு கிலோவாட்-மணி ஆற்றலுக்கு. வயருக்குள் ஓடும் மின்னோட்டமோ பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு. பிள்ளை இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. ‘எது செலவாகிறது?’ என்ற கேள்விக்கான நல்ல விடையை ‘எது ஓடுகிறது?’ என்ற கேள்விக்குத் தருகிறது. ‘தவறு, மின்னோட்டம் குறையாது’ என்று மட்டும் நாம் சொன்னால், வீட்டில் பில் வருவதை அது எங்கே கொண்டுபோய் வைக்கும்? நம் விடையைத் தேர்வுக்கு வைத்துக்கொள்ளும், தன் விடையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளும். ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்து, ‘எது பிரகாசமாக எரியும்?’ என்று முன்கூட்டியே எழுதவையுங்கள். ‘முதல் பல்புதான், அதுதான் கரண்ட்டை முதலில் எடுத்துக்கொள்ளும்’ என்று எழுதியவர்கள், இரண்டும் ஒரே பிரகாசத்தில் எரிவதைப் பார்த்துத் திகைப்பார்கள். அப்போது ‘உன் எண்ணத்தில் சரியான பாதி எது என்று தேடலாம் வா’ என்று கூப்பிடுங்கள்.

பிள்ளைகளின் இப்படிப்பட்ட எண்ணங்களை முதன்முதலில் பொறுமையாகக் கேட்டு எழுதியவர்களில் சுவிட்சர்லாந்தின் ஜீன் பியாஜே முக்கியமானவர். உலகத்தைப் பற்றிய குழந்தையின் எண்ணங்கள் குறித்த அவரது நூல் 1926-இல் வந்தது. நிலா நம்கூடவே நடந்து வருகிறது, சூரியன் நகர்வதால் அதற்கு உயிர் உண்டு என்றெல்லாம் பிள்ளைகள் சொன்னதை அவர் அக்கறையோடு பதிவுசெய்தார். பல பத்தாண்டுகள் கழித்து இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோசலிண்ட் டிரைவர் இதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். 1983-இல் வந்த அவரது நூலில் ஒரு கருத்து என்னை இன்றுவரை விடாமல் பிடித்திருக்கிறது: ஒரே சோதனையை முப்பது பிள்ளைகள் பார்த்தால் முப்பது பேரும் ஒன்றையே பார்ப்பதில்லை. ஏற்கெனவே மனத்தில் இருக்கும் எண்ணத்தை வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஆகவே ‘செய்து காட்டினால் புரிந்துவிடும்’ என்ற நம்பிக்கை போதாது. செய்முறை வேண்டும் என்று நம்மில் பலர் போராடிப் பெற்ற காலத்தில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். சோதனைப் பெட்டி பள்ளிக்கு வந்து சேர்வது முதல் படி. பெட்டியைத் திறப்பதற்கு முன் பிள்ளையிடம் என்ன கேட்டோம் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஒரு நான்காம் வகுப்பு. 1990-இல் புரூஸ் வாட்சனும் ரிச்சர்ட் கானிசெக்கும் ஒரு கல்வி இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். குளிர்ப் பிரதேசத்துப் பிள்ளைகள். ஸ்வெட்டர் சூடு தரும், தொப்பி சூடு தரும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். எவையெல்லாம் வெப்பம் தரும் என்று ஆசிரியை கேட்டபோது சூரியனோடும் நெருப்போடும் ஸ்வெட்டரையும் சேர்த்துச் சொன்னார்கள். ‘அப்படியென்றால் ஸ்வெட்டருக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்போமா?’ என்றார் அவர். வைத்தார்கள். ஏறவில்லை. பிள்ளைகள் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்களா? இல்லை. நேரம் போதவில்லை என்றார்கள். இரவு முழுவதும் வைத்தார்கள், ஏறவில்லை. எங்கோ இடுக்கு வழியாகக் குளிர்காற்று புகுந்துவிட்டது என்றார்கள். காற்றுப் புகாமல் கட்டிவைத்தார்கள், அப்போதும் ஏறவில்லை. நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. ஆசிரியை விடையைச் சொல்லவில்லை. பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டும் ஒருவரோடொருவர் வாதாடிக்கொண்டும் இருந்தார்கள். எல்லோரும் களைத்து நின்ற வேளையில்தான் அவர் இரண்டு கருத்துகளை முன்வைத்தார். துணியிலிருந்தும் வெப்பம் வரலாம் என்பது ஒன்று. வெப்பம் நம் உடம்பிலிருந்து வருகிறது, துணி அதை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது என்பது மற்றொன்று. எது சரி என்று அவரவர் முடிவுசெய்து, அதைச் சோதிக்கவும் அவர்களே வழி தேடினார்கள். இடைவேளையில் தெர்மாமீட்டரைத் தலையில் வைத்து மேலே தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

பிள்ளைகள் பிடிவாதக்காரர்கள் என்று சொல்வதற்காக இந்தக் கதையைச் சொல்லவில்லை. அவர்கள் சொன்ன ஒவ்வொரு சமாதானமும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கேட்கத்தக்கது. நேரம் போதுமா? கசிவு உண்டா? ஒரு நல்ல ஆய்வாளர் தன் கருத்துக்கு மாறாக ஒரு சோதனை போனால் முதலில் கருவியைத்தான் சந்தேகிப்பார். நம் ஊரில் இதையே ஐஸ் கட்டியை வைத்துச் செய்யலாம். ஒன்றைத் தட்டில் அப்படியே வையுங்கள், ஒன்றைக் கம்பளியில் சுற்றி வையுங்கள். எது முதலில் கரையும் என்று கேளுங்கள். கம்பளியில் சுற்றியதுதான் என்று வகுப்பில் பாதிப் பேராவது சொல்வார்கள். அதே வகுப்பில் மீன் சந்தைக்கோ ஐஸ் கடைக்கோ போய்ப் பழகிய பிள்ளை ஒன்று இருந்தால், மரத்தூளும் சாக்கும் எதற்கு என்று அதற்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு அந்தப் பிள்ளையைப் பேசவிடுங்கள்.

நம் பாடமே புதிதாக ஒரு குழப்பத்தை உண்டாக்குவதும் உண்டு. தண்ணீர் கொதிக்கும்போது வரும் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது? நியூசிலாந்தில் ஆஸ்போர்னும் மார்க் காஸ்குரோவும் இதைக் கேட்டபோது காற்று என்றார்கள் சிலர், வெப்பம் என்றார்கள் சிலர். நீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது என்று படித்துவிட்ட பெரிய பிள்ளைகளில் பலர், குமிழிக்குள் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இருக்கின்றன என்றார்கள். அறிவியல் படிக்காத சின்னப் பிள்ளைக்கு இந்தத் தவறு வராது. இங்கேயும் நான் சொல்லும் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நீரை மின்சாரத்தால் பகுத்தால் என்ன வரும் என்பதற்கு அது சரியான விடை. ‘காற்று’ என்று சொன்ன பிள்ளைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. உலை வைத்த சற்று நேரத்தில், கொதி வருவதற்கு வெகு முன்பே, பாத்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும் சின்னக் குமிழிகளில் இருப்பது நீரில் கரைந்திருந்த காற்றுதான். தளதளவென்று கொதிக்கும்போது எழும் பெரிய குமிழிகளில்தான் நீராவி. சத்துணவுக் கூடத்தில் உலை கொதிக்கும்போது தள்ளி நின்று இரண்டு குமிழிகளையும் பார்த்து வரச் சொன்னால் பாதிப் பாடம் முடிந்தது.

பூமியின் வடிவத்துக்கு வருகிறேன். 1992-இல் ஸ்டெல்லா வோஸ்னியாடூவும் வில்லியம் புரூவரும் அமெரிக்கப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. ‘பூமி உருண்டை’ என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ‘சரி, நேராக நடந்துகொண்டே இருந்தால் எங்கே போய்ச் சேருவாய்? விளிம்பு வருமா? கீழே விழுவாயா?’ என்று தொடர்ந்து கேட்டபோதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. சிலருக்குப் பூமி தட்டு மாதிரி வட்டம். சிலருக்கு இரண்டு பூமிகள்: நாம் இருக்கும் தட்டைப் பூமி ஒன்று, வானத்தில் மிதக்கும் உருண்டைப் பூமி இன்னொன்று. சிலருக்குப் பூமி உள்ளீடற்ற உருண்டை. நாம் அதற்குள்ளே தட்டையான தரையில் வாழ்கிறோம். பிறகு அலா சமரபுங்கவனும் சேர்ந்து ஹைதராபாத் பிள்ளைகளிடம் இதையே செய்தார்கள், 1996-இல் வெளியானது. அங்கே கணிசமானவர்கள் பூமி தண்ணீரின்மேல் இருக்கிறது என்றார்கள். பாற்கடலும் பிரளயமும் நிறைந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் வேறு என்ன சொல்வார்கள்? கீழே தாங்க ஏதாவது வேண்டுமே. தாங்காத பொருள் விழும் என்பது ஒவ்வொரு குழந்தையும் நடக்கப் பழகும்போதே கற்ற பாடம்.

இந்த ஆய்வை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. பிரிட்டனில் கேவின் நோப்ஸ் போன்றவர்கள், கேட்ட விதம்தான் அப்படிப்பட்ட விடைகளை வரவழைத்தது, படங்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிள்ளைகள் இன்னும் நன்றாகச் சொல்கிறார்கள் என்று வாதிட்டார்கள். அமெரிக்காவில் ஆண்ட்ரியா டிசெஸா வேறு ஒரு கோணத்தில், பிள்ளைகளிடம் இருப்பது முழுமையான ஒரு கொள்கை என்பதைவிட அனுபவத்தில் சேர்ந்த சின்னச் சின்னத் துணுக்குகள் என்றார். கேள்விக்கேற்ப ஏதோ ஒரு துணுக்கை அந்த நேரத்தில் எடுத்துக்கொடுக்கிறார்கள் என்பது அவர் கருத்து. என் வகுப்பறை அனுபவம் டிசெஸாவின் பக்கம்தான் சாய்கிறது. காலையில் ஒன்று சொன்ன பிள்ளை மதியம் வேறு சொல்லும். ஆகவே ஒரே ஒரு கேள்வியை வைத்து ‘இவனுக்கு இந்தத் தவறான கருத்து இருக்கிறது’ என்று முத்திரை குத்திவிடாதீர்கள். இரண்டு மூன்று விதமாகக் கேளுங்கள், வரையச் சொல்லுங்கள், களிமண்ணில் செய்யச் சொல்லுங்கள்.

துணுக்கு என்றால் என்ன என்பதற்குப் பருவகாலப் பாடம் நல்ல எடுத்துக்காட்டு. 1987-இல் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தில் மாத்யூ ஷ்னெப்ஸும் ஃபிலிப் சாட்லரும் ஒரு படம் எடுத்தார்கள். ஹார்வர்டு பட்டமளிப்பு நாளில் பட்டம் பெற்றவர்கள், பழைய மாணவர்கள், பேராசிரியர்கள் என 23 பேரிடம் கோடை ஏன் வருகிறது, நிலா ஏன் தேய்கிறது என்பதைப் போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். 21 பேர் ஏதோ ஒன்றில் தவறினார்கள். கோடையில் பூமி சூரியனுக்குக் கிட்டே போகிறது என்பதே பலரது விளக்கம். அடுப்புக்குக் கிட்டே போனால் சுடும் என்பது சமையலறையில் நூறு சதவீதம் உண்மை. அந்தத் துணுக்குதான் வானத்துக்கும் போய்விட்டது.

இதை உடைப்பதற்கு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அருமையான ஒரு சான்று கையிலேயே இருக்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில், இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். அது நமக்கு மார்கழி. விடிகாலையில் போர்வையை விட்டு எழ மனம் வராத நாட்கள். மிகத் தொலைவில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜூலை முதல் வாரத்தில். அப்போது சென்னையில் வெயில் கொளுத்திக்கொண்டுதான் இருக்கும். இந்த இரண்டு தேதிகளை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பிறகு நிழலைப் பார்க்க வெளியே அழைத்துப் போங்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. தெற்கே போகப் போக இந்தத் தேதிகள் மாறும். டிசம்பர் நண்பகலில் அதே குச்சிக்கு நீளமாக நிழல் விழும். ஆண்டு முழுக்க மாதம் ஒருமுறை நண்பகல் நிழலின் நீளத்தைக் குறித்துவந்த வகுப்பு, பூமியின் சாய்வைப் பற்றிப் பாடநூல் சொல்வதைத் தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இலையுதிர் காலமும் பனிக்காலமும் வரைந்திருக்கும் படங்களை நம்மூர்ப் பிள்ளை நம்பித்தான் ஆக வேண்டும். நிழலை அது அளந்து பார்க்கலாம்.

பெரிய மனிதர்களும் இதே வழியில்தான் தடுமாறி வந்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். செடி எதைத் தின்று வளர்கிறது என்று கேட்டால் மண்ணை, உரத்தை, தண்ணீரை என்பார்கள். பெல்ஜியத்தின் வான் ஹெல்மான்ட் இதையே அறிய விரும்பி, உலர்த்தி எடைபோட்ட 200 பவுண்டு மண்ணில் ஐந்து பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் சுமார் 164 பவுண்டு கூடியிருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறக்குறைய இரண்டு அவுன்ஸ்தான். மரத்தின் உடல் மண்ணிலிருந்து வரவில்லை என்று நிறுவிவிட்டார். ஆனால் எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவுகட்டினார். அவர் மறைந்த பிறகு 1648-இல் இது அச்சானது. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு வருவதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. ‘தண்ணிதான் டீச்சர் மரமாகுது’ என்று சொல்கிற பிள்ளை, அந்த மனிதர் ஐந்தாண்டு உழைத்து எட்டிய இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அதன் விடைத்தாளில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட எனக்கு மனம் வராது.

இதையெல்லாம் செய்ய நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எமிஸ் பதிவு, பயிற்சி முகாம், வளரறி மதிப்பீடு, பாதி நாள் இன்னொரு வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது என்று உங்கள் நாள் எப்படிக் கரைகிறது என்பதை அறிவேன். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது; நடத்தத் தேவையும் இல்லை. இலையின் பாகங்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். பிள்ளைகள் பள்ளிக்கு வருவதற்கு முன்பே தங்களுக்கென்று ஒரு விளக்கம் வைத்திருக்கும் பாடங்கள் சில உண்டு: வெப்பம், ஒளி, மின்னோட்டம், விசை, மிதத்தல், உயிருள்ளவை, பூமியும் வானமும், செடியின் உணவு. இவற்றில் பருவத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு மட்டும் தாராளமாக நேரம் கொடுங்கள். அந்த நேரத்தை வேறு எங்காவது மிச்சம் பிடியுங்கள். புக் பேக் கேள்விகளை இரண்டு முறை எழுதவைப்பதை ஒரு முறையாகக் குறைத்தாலே கிடைத்துவிடும்.

சிலவற்றில் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும், கீறி உறிஞ்ச வேண்டும் என்று பிள்ளை சொன்னால், அது எந்தக் கேள்விக்கு விடை என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். கட்டக் கூடாது, கீறக் கூடாது, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். வீட்டு பிளக்கில் கைவைத்துச் சோதனை கூடாது, வகுப்பில் செய்வதெல்லாம் டார்ச் செல்லில்தான் என்பதையும் அப்படியே சொல்லுங்கள். உயிர் போகும் விஷயத்தில் விவாதம் பிறகு.

மதிப்பீடு மாறாமல் கற்பித்தல் மாறாது என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதி, ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகள் அறிவியல் கற்பித்தல் திட்டமொன்றைத் தொடங்கின. 1982-இல் உருவான ஏகலவ்யா பிறகு அதைப் பொறுப்பேற்றுப் பல மாவட்டங்களுக்கு விரித்தது. அங்கே தேர்வில் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. சவாலிராம் என்ற கற்பனைப் பாத்திரத்துக்குப் பிள்ளைகள் தங்கள் கேள்விகளைக் கடிதமாக எழுதினார்கள், பதிலும் போனது. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது. முப்பது ஆண்டு உழைப்பை ஓர் உத்தரவில் நிறுத்தியது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஆனாலும் கிராமத்து அரசுப் பள்ளியில், நம்மைப் போன்ற ஆசிரியர்களைக் கொண்டு, இது நடக்கக்கூடியதுதான் என்பதை அது காட்டிவிட்டுத்தான் போனது. தேர்வுத்தாளை உங்களால் மாற்ற முடியாது. உங்கள் வகுப்பின் சிறு தேர்வை மாற்றலாம். ‘பூமியின் வடிவம் என்ன?’ என்று ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்பதற்குப் பதிலாக, ‘நம் ஊரிலிருந்து நேராக நடந்துகொண்டே போனால் கடைசியில் எங்கே இருப்பாய்? படம் வரைந்து காட்டு’ என்று கேளுங்கள். மதிப்பெண் போடும்போது விடைக்குப் பாதி, காரணத்துக்குப் பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

‘உனக்கு ஏன் அப்படித் தோணுது?’ என்று கேட்கும்போது குரல் முக்கியம். நம் பள்ளிகளில் ‘ஏன்’ என்று ஆசிரியர் கேட்டாலே விடை தவறு என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். உடனே மாற்றிச் சொல்லும். சரியான விடை சொன்ன பிள்ளையிடமும் அதே குரலில், அதே கேள்வியைக் கேளுங்கள். சில நாட்களில் அந்தப் பயம் போகும். சரியான விடை சொன்னவர்களில் எத்தனை பேர் காரணம் சொல்லத் திணறுகிறார்கள் என்பதும் அப்போது தெரியவரும்.

அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு இப்படிச் செய்துவிட்டு வாருங்கள். உங்கள் வகுப்பில் ஐஸ் டம்ளர் கேள்வியோ இரட்டைப் பல்பு கேள்வியோ ஒன்றை மட்டும் கேட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்தச் சொற்களில் எழுதிய தாள்களை வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள். எழுத வராத பிள்ளை சொல்வதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பேச்சு வழக்கிலேயே இருக்கட்டும். கூட்டத்தில் அந்தத் தாள்களை மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குச் சரியான விடை என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து தேடுங்கள். ஒரு தாளுக்கு எவ்வளவு யோசித்தும் அப்படிப்பட்ட கேள்வி கிடைக்கவில்லையென்றால் அதைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு, மறுநாள் அந்தப் பிள்ளையிடமே போய்க் கேளுங்கள்.

அன்புடன்,
பணி ஓய்வு பெற்ற ஓர் அறிவியல் ஆசிரியை